‘இதுக்கு மேல குறையாது மேடம்’ என்கிறார்கள், நம்பலாமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் இருக்கிறோம். அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். அப்பாவின் 2012 மாடல் காரைக் கொடுத்துவிட்டு என் பெயரில் புதுக் கார் வாங்கலாம் என்று ஒரு ஷோரூமுக்குப் போனோம். அவர்கள் கொடுத்த கொட்டேஷனை இணைத்திருக்கிறேன். மொத்தம் 12,45,050 ரூபாய், தள்ளுபடி 15,000 போக 12,30,050. பழைய காருக்கு 1,10,000 விலை, 25,000 எக்ஸ்சேஞ்ச் போனஸ், ஆக 1,35,000 கிடைக்கிறது என்பதில் சந்தோஷம்தான். மேனேஜரிடம் சண்டை போட்டு வாங்கித் தந்த தள்ளுபடி, இதற்கு மேல் ஒரு ரூபாய் குறையாது என்கிறார் சேல்ஸ்மேன். 50,000 குறைக்காமல் வாங்காதே என்கிறான் தம்பி. எனக்குப் பேரம் பேச வராது, கூச்சம். பணம் என்னுடையது, ஆனால் சேல்ஸ்மேன் தம்பியைப் பார்த்துத்தான் பேசுகிறார். ஆடி முடியட்டும் என்கிறார் அப்பா. இந்த மாதமே முடித்தால்தான் ஆஃபர் என்கிறார்கள் ஷோரூமில். யார் பேச்சைக் கேட்பது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பதினேழு வருடம் நான் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். அண்ணா சாலையில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்து ஜிஎஸ்டி ரோட்டில் மேனேஜராக முடித்தேன். இப்போது வாங்குகிறவர்களுக்குக் கொட்டேஷன் பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. அதனால் நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்ததும் பழைய நண்பரைப் பார்த்த மாதிரி இருந்தது, ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரிந்த முகம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பியும் சேல்ஸ்மேனும் இரண்டு பேருமே பாதி உண்மை சொல்கிறார்கள். காரின் விலையைக் கம்பெனிதான் வைக்கிறது, டீலருக்கு அதில் கிடைக்கிற மார்ஜின் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து சதவீதத்துக்குள்தான். பாண்டி பஜாரில் 600 சொன்னால் 250-ல் ஆரம்பிக்கிற கணக்கு இங்கே எடுபடாது, கேட்டால் நமக்கு விவரம் தெரியவில்லை என்று அவர்களுக்குப் புரிந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் தம்பி சொன்ன 50,000 அதே தாளில் இருக்கிறது. தள்ளுபடி என்ற கடைசி வரியில் தேடினால் கிடைக்காது. நடுவில் இருக்கிற ஐந்தாறு வரிகளில் ஒளிந்திருக்கிறது. அதை எடுக்கப் பேரம் பேசத் தெரிய வேண்டாம், பரீட்சைத் தாள் திருத்தத் தெரிந்தால் போதும். அது உங்களுக்குத் தெரியாதா என்ன?

சரி, தாளுக்கு வருவோம். எக்ஸ்ஷோரூம் விலை (ஆயுட்கால வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேராத வண்டி விலை) 9,85,000, ஆயுட்கால வரி 1,28,050. இந்த இரண்டிலும் கை வைக்க முடியாது. தமிழ்நாட்டில் இந்த வரி 2023 நவம்பர் 9-லிருந்து 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 என்று இருக்கிறது. உங்களுக்கு 13 சதவீதம், கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் தாளின் ஓரத்தில் பேனாவால் ‘டாப் வேரியன்ட் 10.42, ஒன்லி 57,000 எக்ஸ்ட்ரா’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரே, அதைப் பார்த்தீர்களா? சன்ரூஃபும் பெரிய திரையும் காட்டியிருப்பார். பத்து லட்சத்தைத் தாண்டிய அந்த நொடியில் வரி 13-லிருந்து 18 சதவீதத்துக்குத் தாவுகிறது. 10,42,000-க்கு வரி 1,87,560. அதாவது 57,000 ரூபாய் கூடுதல் வண்டிக்கு 59,510 ரூபாய் கூடுதல் வரி! சன்ரூஃபை விட அதற்கான வரி அதிகம். போதாததற்கு 10 லட்சத்துக்கு மேலே போனால் ஒரு சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார்கள் (சிறுசேரியில் இருக்கிற கம்பெனி இல்லை, வருமான வரி சமாச்சாரம்). அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வந்துவிடும், என்றாலும் இப்போதைக்குக் கையிலிருந்து 10,420 போகும். ஆன்ரோடு விலையை (எல்லாம் சேர்த்து நாம் கட்டுகிற மொத்தம்) பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டாமல் எக்ஸ்ஷோரூம் வித்தியாசத்தை மட்டும் சொல்வது எங்கள் தொழிலில் பால பாடம். நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது ஒப்புக்கொள்வதில் என்ன. நீங்கள் முதலில் கேட்ட வேரியன்ட்டிலேயே நில்லுங்கள்.

அடுத்து ‘ஆர்டிஓ சார்ஜஸ் 12,500’. இதை உடைத்து எழுதித் தரச் சொல்லுங்கள். காருக்கு அரசுப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், கடன் வாங்கினால் அதை ஆர்சியில் ஏற்ற 1,500, ஸ்மார்ட் கார்டுக்கு 200. சாலைப் பாதுகாப்பு வரி என்று ஒன்றும் இருக்கிறது. இவற்றைக் கூட்டினால் 12,500-க்குப் பக்கத்தில்கூட வராது. மிச்சம் ‘சர்வீஸ்’. ஏஜென்ட், போக்குவரத்து, எதையாவது சொல்வார்கள். நம்பர் பிளேட்டுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், 2019 ஏப்ரலிலிருந்து உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வண்டியோடு வர வேண்டியது. இதில் நான் ரொம்ப இழுக்க மாட்டேன், இரண்டு மூவாயிரம் சர்வீஸ் என்று வைத்தால் விட்டுவிடலாம். ஆனால் உடைத்து எழுதச் சொன்னாலே தொகை தானாக இறங்கும்.

‘ஹேண்ட்லிங் அண்ட் லாஜிஸ்டிக்ஸ் 9,500’. இது எனக்கு எப்போதும் சிரிப்பு வரவழைக்கிற வரி. உங்கள் வண்டி இருங்காட்டுக்கோட்டையில் செய்தது. அங்கிருந்து சென்னை ஷோரூமுக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் வருவதற்கு 9,500 ரூபாயா? அரசு கேட்கிற பணமும் இல்லை இது, கம்பெனி கேட்கிற பணமும் இல்லை. வண்டியைக் கொண்டுவந்து கழுவித் துடைத்து விற்கத்தான் கம்பெனி அவர்களுக்கு மார்ஜின் கொடுக்கிறது. ‘இந்த வரி எதற்கு, ரசீதில் என்ன பெயரில் வரும்?’ என்று மட்டும் கேளுங்கள். சிலர் உடனே எடுத்துவிடுவார்கள், சிலர் ‘எல்லாரும் வாங்குகிறார்கள் மேடம்’ என்பார்கள். எல்லாரும் கொடுக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் வாங்கக் காரணம்.

இன்சூரன்ஸ் 52,400. இங்கே கொஞ்சம் நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டும், ஏனென்றால் குறைக்க நிறைய இடம் இருக்கிற வரி இதுதான், அதே சமயம் கண்மூடிக் குறைத்தால் மாட்டிக்கொள்கிற வரியும் இதுதான். புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். அதன் கட்டணம் அரசு வைத்தது, எங்கே வாங்கினாலும் ஒன்று. உங்கள் வண்டி 1197 சிசி, 2022-ல் அறிவித்த கட்டணப்படி 10,640 ரூபாய். அதற்கு மேலே இருப்பதெல்லாம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியமும், கூடுதல் கவர்களும், ஜிஎஸ்டியும். இதில் கம்பெனிக்குக் கம்பெனி மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஷோரூமுக்கு நல்ல வருமானம் தருகிற வரி இது, அதனால்தான் ‘வெளியில் எடுத்தால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸ் கிடைக்காது’ என்று பயமுறுத்துவார்கள். கேஷ்லெஸ் (ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேராகக் கட்டுவது) என்பது இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஒப்பந்தம். பாலிசியை யார் விற்றார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஒர்க்‌ஷாப்போடு ஒப்பந்தம் உள்ள கம்பெனிகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி, அதில் இரண்டு மூன்று கம்பெனியில் நீங்களே ஆன்லைனில் விலை பாருங்கள். அவர்களிடமே வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த ஷோரூமுக்கு உரிமை கிடையாது.

பார்க்கும்போது ஐடிவி (வண்டிக்கு இன்சூரன்ஸில் போடுகிற மதிப்பு) இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கவனியுங்கள். புதுக் காருக்கு எக்ஸ்ஷோரூம் விலையில் 95 சதவீதம், உங்களுக்கு 9,35,750. அதை எட்டு லட்சம் என்று போட்டுப் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டினால் அது மலிவே இல்லை, வண்டி போனால் கிடைக்கிற பணமும் அந்த அளவுக்குக் குறையும்.

அப்புறம் நீங்கள் இருப்பது மடிப்பாக்கம். ஜீரோ டெப்ரிசியேஷனை (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் க்ளெய்ம் தருகிற கவர்) எடுக்காதே என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், இன்ஜின் பாதுகாப்பு கவரையும் அப்படியே. தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து அது இறுகிப்போனால் சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பைசா வராது. 2015 டிசம்பருக்கும் 2023 மிக்ஜாம் புயலுக்கும் பிறகு இதை உங்கள் தெருவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அவர்கள் எல்லாம் ஒருமுறை பட்டவர்கள். சாவி தொலைந்தால், டயர் வெடித்தால், பை திருடுபோனால் என்று குட்டிக் குட்டிக் கவர்கள் ஆறேழு சேர்த்திருக்கிறார்கள், அவற்றை எடுத்துவிடலாம். ஏற்கெனவே 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்கள் பெயரில் இருந்தால் அதைக் காட்டி அந்த வரியையும் நீக்கலாம். இப்படிச் சுத்தம் செய்து வெளியில் நான் போட்டுப் பார்த்ததில் ஏறக்குறைய 37,000 வந்தது. அந்தத் தாளைக் காட்டி ‘இதே கவர், இதே ஐடிவி, இந்த விலைக்குத் தர முடியுமா?’ என்று கேளுங்கள். பத்தில் எட்டு ஷோரூம் இறங்கி வரும். வந்தால் அங்கேயே எடுங்கள், நாளைக்கு க்ளெய்ம் என்று வந்தால் அலைச்சல் குறைவு.

ஆக்சசரீஸ் 24,900, கோட்டிங் 14,500. சீட் கவர், மேட், மட் ஃபிளாப், கதவோரக் குரோம் பட்டை, ஸ்டீயரிங் கவர், தலையணை இரண்டு, இன்னும் ‘ப்ரீமியம் கிட்’ என்று ஏதோ ஒன்று. உங்களுக்குத் தேவை மேட்டும் மட் ஃபிளாப்பும், நாலாயிரத்துக்குள் முடியும். மற்றதை அண்ணா சாலையில் புதுப்பேட்டைப் பக்கம் திரும்பினால் பாதி விலைக்கு மாட்டித் தருவார்கள், ஆனால் ஒயரை வெட்டி இணைக்கிற எதையும் வெளியில் செய்யாதீர்கள், வாரண்டியில் தகராறு வரும். டெஃப்லான் கோட்டிங், அடித்தளக் கோட்டிங் இரண்டும் வேண்டாம். வண்டியின் அடிப்பாகத்துக்குத் துருப்பிடிக்காத பூச்சு கம்பெனியிலேயே போட்டு வருகிறது. எக்ஸ்டெண்டட் வாரண்டி 18,200 மோசமில்லை, ஆனால் அதை இன்றைக்கே எடுக்க வேண்டிய அவசரம் இல்லை. பெரும்பாலான கம்பெனிகளில் சாதாரண வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், தள்ளிப்போட்டால் விலை கொஞ்சம் ஏறும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். இன்சூரன்ஸில் 15,400, ஹேண்ட்லிங் 9,500, ஆக்சசரீஸில் 20,900, கோட்டிங் 14,500. மொத்தம் 60,300. ஆர்டிஓ வரியையும் வாரண்டியையும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. தள்ளுபடி என்ற வார்த்தையையே நீங்கள் வாயால் சொல்லவில்லை, தம்பி கேட்டதற்கு மேலேயே வந்துவிட்டது.

இனி தள்ளுபடி. ‘மேனேஜரிடம் சண்டை போட்டு வாங்கித் தந்தேன்’ என்றாரல்லவா, அந்த நாடகத்தை உள்ளே இருந்து சொல்கிறேன். சேல்ஸ்மேன் கேபினுக்குள் வருவார், கண்ணாடிக் கதவை மூடுவார். நான் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டுவேன், வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரிய வேண்டும். உள்ளே நாங்கள் பேசுவது மதியம் எங்கே சாப்பிடலாம் என்று. டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் வெளியே வருவார், ‘ரொம்பக் கஷ்டப்பட்டு...’ என்று ஆரம்பிப்பார். அந்த 15,000 அன்று காலையிலேயே கம்பெனி அனுப்பிய சர்க்குலரில் இருந்தது. அது எல்லாருக்கும் உள்ள கன்ஸ்யூமர் ஆஃபர்.

அதே சர்க்குலரில் இன்னும் இரண்டு வரி இருக்கும், பெரும்பாலும் யாராவது கேட்டால்தான் வெளியே வரும். ஒன்று, கார்ப்பரேட் ஆஃபர். அரசு ஊழியர், ஆசிரியர், வங்கி ஊழியர் என்று ஒரு பட்டியலே வைத்திருப்பார்கள். நீங்கள் ஆசிரியை என்று தெரிந்தும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை பாருங்கள். பள்ளி அடையாள அட்டையை மேஜையில் வைத்து ‘இதற்கு எவ்வளவு?’ என்று கேளுங்கள். இரண்டு, எக்ஸ்சேஞ்ச் போனஸ், அதற்குக் கீழே வருகிறேன். தாளில் ‘ஜிஎஸ்டி பெனிஃபிட்’ என்று எதையாவது எழுதித் தள்ளுபடியோடு சேர்த்துக் காட்டினால் ஏமாறாதீர்கள். நாலு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆகிவிட்டது. அது அரசு குறைத்தது, 9,85,000-க்குள்ளேயே அடங்கிவிட்டது, டீலர் பாக்கெட்டிலிருந்து வந்தது இல்லை.

பழைய காருக்கு 1,10,000 விலை, 25,000 போனஸ், ஆக 1,35,000 கிடைக்கிறது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவே கூடாது. போனஸ் கம்பெனி தருவது, பழைய வண்டிக்கு விலை வைப்பது ஷோரூமுக்கு வந்து போகிற புரோக்கர். வெளியில் நாலு இடத்தில் காட்டி விலை கேளுங்கள். ஒன்றரை லட்சம் வெளியில் கிடைத்தால் போனஸைச் சேர்த்தாலும் ஷோரூம் விலை அதைவிடக் குறைவு. சில கம்பெனிகளில் வண்டியை வெளியில் விற்று, ஆர்சி பெயர் மாறியதைக் காட்டினாலே போனஸ் தருவார்கள், அதையும் கேட்டுவிடுங்கள். யாருக்கு விற்றாலும் ஆர்சி பெயர் மாறும்வரை அப்பா விடக்கூடாது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் வெறும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டு, ஒரு வருடம் கழித்து எங்கோ இடித்துவிட்டு வந்து நிற்பார்கள், சம்மன் அப்பா பெயருக்கு வரும்.

ஆடி விஷயத்தில் அப்பாவும் சரி, ஷோரூமும் சரி. ஆடியில் வண்டி எடுக்கிறவர்கள் குறைவு, ஷோரூமில் ஏசி ஓடும் சத்தம்தான் கேட்கும். ஆனால் கம்பெனி வைக்கிற டார்கெட்டுக்கு ஆடி, மார்கழி எல்லாம் தெரியாது, ஜூலை 31 என்றால் ஜூலை 31. நான் சேல்ஸ்மேனாக இருந்த காலத்தில் ஓர் ஆடி மாதக் கடைசி நாள், ராத்திரி ஒன்பது மணி, இன்னும் ஒரே ஒரு வண்டி பில் ஆனால் மொத்த மாதத்துக்கும் ஊக்கத்தொகை ஸ்லாப் மாறும் என்ற நிலைமை. அன்றைக்கு வந்த ஒரு பெரியவருக்கு ஆக்சசரீஸ் எல்லாம் இலவசம், இன்சூரன்ஸ் அடக்க விலைக்கு, அதற்கு மேலே ரொக்கமாக 20,000 குறைத்து, கடைசியில் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டும் வந்தோம். அவர் பேரமே பேசவில்லை, ‘ஆவணியில் வருகிறேனே’ என்று எழுந்தார், அவ்வளவுதான்.

அதனால் விலையை ஆடியில் முடியுங்கள். பில் மாதக் கடைசியில் போடட்டும், வண்டி ஆவணி முதல் வாரம் வரட்டும். அவர்களுக்கு வேண்டியது பில், அப்பாவுக்கு வேண்டியது நல்ல நாள். பில்லும் ஆடியில் வேண்டாம் என்று அப்பா பிடிவாதமாக இருந்தால் ஆகஸ்ட் கடைசி வாரம் போங்கள், அதுவும் மாதக் கடைசிதான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மட்டும் போய் நிற்காதீர்கள், அன்றைக்கு உங்களைத் திரும்பிப் பார்க்கக்கூட ஆள் இருக்காது. நீங்கள் கேட்ட மாடலுக்குக் காத்திருப்புப் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே கதிதான், தள்ளுபடி கிடைக்காது. மேலே சொன்ன வரிகளை அடிப்பதோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

இதே வண்டிக்கு இன்னொரு டீலரிடமும் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள், வாயால் சொல்வது கணக்கில் வராது. ஓர் எச்சரிக்கை. வேளச்சேரியில் ஒன்று, ஓஎம்ஆரில் ஒன்று என்று போய்விட்டு இரண்டு இடத்திலும் ஒரே விலை, உண்மையாகத்தான் இருக்கும் என்று திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர். இரண்டும் ஒரே முதலாளி கடை. கொட்டேஷன் தாளின் அடியில் பொடி எழுத்தில் ஜிஎஸ்டி எண் இருக்கும், தமிழ்நாட்டுக்கு 33-ல் தொடங்கும், மொத்தம் 15 இடம். இரண்டு தாளிலும் அந்த எண் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே கடை. வேறு எண் உள்ள கடையைத் தேடுங்கள்.

சேல்ஸ்மேன் தம்பியையே பார்த்துப் பேசுவதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு அவர் சார்பில் நான் சமாதானம் சொல்ல மாட்டேன், எங்கள் தொழிலின் பழைய வியாதி அது. அடுத்த முறை தம்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள், வண்டியின் நிறத்தைப் பார்த்துக் குதிக்கிற குழந்தைகளையும்தான். சிவப்புக் கலர்தான் வேண்டும் என்று பையன் அழுகிற சத்தத்துக்கே நாங்கள் விலையை ஏற்றுவோம். தாளையும் ஒரு சிவப்புப் பேனாவையும் எடுத்துப் போய், வேண்டாத நாலு வரியை அவர் கண் முன்னால் அடித்துவிட்டு, கீழே உங்கள் தொகையை எழுதுங்கள். ‘இந்தத் தொகைக்குச் சரி என்றால் இன்றைக்கே புக் செய்கிறேன்’ என்று ஒரே வாக்கியம். அப்புறம் பேசாதீர்கள். அந்த மௌனம் உங்களுக்கு வகுப்பறையில் பழக்கமானது, அவருக்குப் பழக்கமில்லை. ஏதாவது சொல்லி அவரே நிரப்புவார். ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று எழுந்து வரவும் கூச்சப்படாதீர்கள், நீங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் போன் வரும்.

கடன் விஷயம். ‘வட்டி வெறும் 5 சதவீதம்’ என்று தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறார். அது ஃபிளாட் வட்டி, அதாவது நீங்கள் கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை போடுகிற வட்டி. 8 லட்சத்துக்கு ஐந்து வருடம், 5 சதவீதம் ஃபிளாட் என்றால் மாதத் தவணை 16,667. அதே 8 லட்சத்தை வங்கியில் குறையும் நிலுவையில் 9 சதவீதத்துக்கு வாங்கினால் தவணை 16,607. ஆக அவருடைய ஐந்து, வங்கியின் ஒன்பதை விட அதிகம். உங்கள் சம்பளக் கணக்கு இருக்கிற வங்கியில் முதலில் கேளுங்கள், அந்தக் கடிதத்தோடு ஷோரூமுக்குப் போங்கள். பிராசசிங் கட்டணம், கடனோடு சேர்த்து ஒட்டுகிற இன்சூரன்ஸ், முன்கூட்டியே கட்டினால் அபராதம், இந்த மூன்றையும் கேட்காமல் கையெழுத்து வேண்டாம். ‘நம்ம ஃபைனான்ஸில் எடுத்தால்தான் இந்தத் தள்ளுபடி’ என்றால், தள்ளுபடி எவ்வளவு, ஐந்து வருடத்தில் கூடுதல் வட்டி எவ்வளவு என்று இரண்டையும் எழுதிக் கழித்துப் பார்த்தால் போதும்.

பாண்டிச்சேரியில் பதிவு செய்து வரியை மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். மடிப்பாக்கத்தில் ஓடுகிற வண்டிக்கு இங்கேதான் வரி கட்ட வேண்டும்.

விலை படிந்த பிறகு அவசரப்படுகிற இடம் புக்கிங். முன்பணம் பத்தாயிரமோ இருபதாயிரமோ, சேல்ஸ்மேனின் சொந்த ஜிபே எண்ணுக்குப் போடவே போடாதீர்கள், எவ்வளவு நல்ல பையனாக இருந்தாலும். ஷோரூம் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான். ரசீதில் மாடல், வேரியன்ட், நிறம், முடிவான ஆன்ரோடு தொகை, இலவசமாகத் தருவதாகச் சொன்னவை, ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும் என்பது, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். தள்ளுபடியை இன்வாய்ஸிலேயே கழித்துக் காட்டட்டும், ‘டெலிவரிக்கு அப்புறம் கையில் தருகிறேன்’ என்பது வராத பணம். பேசியதற்கு மாறாக நடந்து, முன்பணத்தையும் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

முழுப் பணம் கட்டுவதற்கு முன்னால் வண்டியை அவர்கள் நிறுத்தி வைத்திருக்கிற யார்டிலேயே போய்ப் பாருங்கள், பகல் வெளிச்சத்தில். சேசிஸ் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு, அது படிவம் 22-ல் (கம்பெனி தருகிற வண்டிச் சான்றிதழ்) உள்ள எண்ணா என்று ஒப்பிடுங்கள், வண்டி தயாரான மாதமும் வருடமும் அதில் இருக்கும். டயர் ஓரத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். வண்டி ஏழெட்டு மாதமாக யார்டில் வெயிலில் கிடந்தது என்றால் அதற்கு நாம் கேட்க வேண்டிய தள்ளுபடி வேறு, அல்லது வேறு வண்டி கேட்கலாம். மிதியடியைத் தூக்கி, கீழே இருக்கிற கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஈரமோ சேற்று வாடையோ இருந்தால் அந்த வண்டி வேண்டாம், நம் ஊரில் யார்டுகளுக்கும் மழை வருகிறது.

டெலிவரி அன்று பெரிய அட்டைச் சாவி, கேக், ரிப்பன், போட்டோ எல்லாம் இருக்கும். அந்தக் கும்பலில் நாலைந்து இடத்தில் கையெழுத்து வாங்குவார்கள், கேக் காத்திருக்கும், நீங்கள் நிதானமாகப் படித்துவிட்டே போடுங்கள். இரண்டு சாவியும் இருக்கிறதா, ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கிறதா, ஸ்டெப்னி, ஜாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஐந்து லிட்டர் பெட்ரோலாவது போட்டுத் தரச் சொல்லுங்கள், இல்லையென்றால் ரிசர்வ் விளக்கு எரிந்துகொண்டே வாசலைத் தாண்டும். பாடிகார்டு முனீஸ்வரர் கோயிலுக்குத்தானே முதலில் போவீர்கள்? சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழத்தை மட்டும் போகிற வழியில் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். ஷோரூமில் ‘பூஜா கிட்’ என்று ஒன்று வைத்திருப்பார்கள், அதுவும் ஆக்சசரீஸ் பில்லில்தான் ஏறும்.